இரண்டு சொட்டு மருந்து

(சங்கத்தின் குடும்ப தினத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் பிறந்த இந்தியாவில் போலியோ ஒழிந்த வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறோம். அதில் நமக்கொரு பாடம் இருக்கிறது.

1995-இல் அங்கே நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஆயினும் 2002-இல் சுமார் 1,600 பிள்ளைகளைப் போலியோ தாக்கியது. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தவர். அவர்களில் நம் சமுதாயப் பிள்ளைகள் மிக அதிகம்.

காரணம் என்ன? மருந்து போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இருக்காது என்ற வதந்தி. கூடவே ஒரு நியாயமான கேள்வி: "சாக்கடையைச் சுத்தம் செய்ய வராதவர்கள் இதற்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?" அந்தச் சாக்கடைதான் பதிலும். அசுத்தமும் நெரிசலும் உள்ள இடத்தில் கிருமி வேகமாகப் பரவும். வயிற்றுப்போக்குள்ள பிள்ளைக்கு மருந்து எளிதில் பிடிக்காது. அதனால்தான் பல தவணை. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

எங்களில் பலர் கடை வைத்திருப்பவர்கள். சரக்கு எவ்வளவு நல்லதானாலும் விற்பவர்மேல் நம்பிக்கை இல்லையென்றால் யாரும் வாங்க மாட்டார்கள். அங்கேயும் மருந்தில் குறையில்லை, வந்தவர்மேல்தான் நம்பிக்கையில்லை.

பிறகு அந்தந்தத் தெருப் பெண்களே வீடு வீடாகப் போனார்கள். இமாம்கள் மக்களிடம் பேசினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒலித்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. மூடிய கதவுகள் திறந்தன. 2009-இல் 741 பேர்; 2011-இல் ஒரே ஒரு குழந்தை, மேற்கு வங்க ஹவுராவில். 2014 மார்ச் 27-இல் இந்தியா போலியோ இல்லாத நாடெனச் சான்று பெற்றது. அல்ஹம்துலில்லாஹ்.

இது தூரத்துச் சேதி என்று எண்ண வேண்டாம். 2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப் பின், நம் சாபாவில் ஒரு கைக்குழந்தைக்குப் போலியோ வந்தது. இன்றும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தடுப்பூசி பற்றிய வதந்திகள் சுற்றுகின்றன. அவற்றை நம்பும் இளம் தாயைத் திட்டினால் அவர் வாயை மூடிக்கொள்வார், மனம் மாறாது.

ஆகவே, 50 ஆண்டு கண்ட இச்சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள்: ஆண்டுக்கொரு முறை ஜும்ஆவுக்குப் பின் நம் சமுதாய மருத்துவர் ஒருவரை அமரவைத்து, தாய்மார்கள் தயங்காமல் கேள்வி கேட்க வழிசெய்வோம். நன்னிமார்களே, பேரப்பிள்ளையைத் தூக்கும்போது, "அடுத்த ஊசி எப்போ?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் பிள்ளைகள் தட்ட மாட்டார்கள்.