தராசுத் தட்டில் ஒரு கணக்கு



அந்தமான் தீவுகளின் தலைநகரில் ஒரு கடைத்தெரு இருக்கிறது. அதன் பெயர் அபர்டீன் பஜார். அந்த நகருக்கு முன்பு போர்ட் பிளேர் என்று பெயர். 2024-இல் அதை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். பஜார் அதே பஜார்தான். நடுவில் மணிக்கூண்டு. சுற்றிலும் கடைகள். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் சரக்கு வருகிறது. அங்கே தமிழ் பேசுகிறார்கள். வங்காளம் பேசுகிறார்கள். இந்தி, தெலுங்கு, மலையாளமும் பேசுகிறார்கள். மொழி பல. ஆனால் கணக்கு ஒன்றுதான்.

அந்தப் பஜாரில் காய்கறி விற்கும் ஒரு தாயை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். சிறு வயதில் அவருக்குப் பள்ளிக்கூடம் போக வாய்ப்பு இல்லை. பெரியவரான பிறகுதான் எழுத்துக் கற்றார். இப்போது தன் பெயரை எழுதுவார். கடைப் பலகையைப் படிப்பார். இரவில் அவருடைய மகள் கணக்குப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர்.

"அம்மா, இந்தக் கணக்கு எனக்கு வரவே இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்கிறாள்.

தாய்க்கு மனம் துடிக்கிறது. "எனக்கே படிப்பு இல்லை. நான் எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று ஒதுங்கிப் போகிறார்.

இது பல வீடுகளில் நடக்கிறது. கணக்குக்குப் பயந்து படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. ஒரு பிள்ளையின் படிப்பே இதில் அடங்கியிருக்கிறது.

அந்தத் தாய்க்குக் கணக்கு தெரியாதா? பகலில் அவர் செய்வதைப் பாருங்கள். ஒருவர் முக்கால் கிலோ தக்காளி கேட்கிறார். கிலோ 40 ரூபாய். "30 ரூபாய்" என்கிறார் உடனே. நூறு ரூபாய் நோட்டை வாங்குகிறார். 70 ரூபாய் மீதி தருகிறார். பேனா இல்லை, தாள் இல்லை. கணக்கு தப்புவதும் இல்லை. கணக்கு அவர் கையில் இருக்கிறது. புத்தகத்தில் அது வேறு சட்டை போட்டு வருகிறது. அதனால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

பிரேசில் என்று ஒரு நாடு. அங்கே ரெசிஃபே என்பது கடலோர நகரம். அங்கே தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆய்வு 1985-இல் வெளியானது. ஆய்வாளர்கள் முதலில் வாடிக்கையாளர் போலப் போய் விலை கேட்டார்கள். நூறு கேள்விக்கு 98 என்ற அளவில் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். பிறகு அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் கொடுத்தார்கள். நூறுக்கு 37 என்ற அளவுதான் சரியாக வந்தது.

அவர்களில் ஒருவன் தேங்காய் விற்ற 12 வயதுச் சிறுவன். ஒரு தேங்காய் 35. நான்கு தேங்காய் என்ன விலை என்று கேட்டார்கள். மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்கு மனப்பாடம். அதோடு 30 சேர்த்தான். 135 ஆனது. இன்னும் ஐந்து சேர்த்தான். "140" என்றான். மிகச் சரி.

பிறகு 35-ஐ 4-ஆல் பெருக்கு என்று தாளில் கொடுத்தார்கள். நாலு ஐந்து இருபது. சுழியம் போட்டு 2-ஐ மனதில் வைத்தான். பிறகு 4-ஐயும் 3-ஐயும் பெருக்கி, அதன் பின் 2-ஐக் கூட்ட வேண்டும். அவன் அவசரப்பட்டு 3-உடன் முதலில் 2-ஐக் கூட்டினான். ஐந்து ஆயிற்று. அதை நாலால் பெருக்கினான். விடை 200 என்று எழுதினான்!

அதே சிறுவன். அதே கணக்கு. தெருவில் 140, தாளில் 200. யாராவது அவனிடம், "தம்பி, நாலு தேங்காய்க்கு 200 வாங்குவாயா?" என்று கேட்டிருந்தால் போதும். தவறை அவனே பிடித்திருப்பான்.

நம் நாட்டிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களோடு சேர்ந்து நடத்தினார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஆய்வு 2025-இல் வெளியானது. சந்தைப் பிள்ளைகள் கடைக் கணக்கை மனதிலேயே போட்டார்கள். பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளி மட்டுமே செல்லும் பிள்ளைகளோ தாளில் ஓரளவு போட்டார்கள். கடைக் கணக்கில் தடுமாறினார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பஜாருக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. அதன் மேல் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைப் போட வீட்டில் உள்ளவர்களால் முடியும்.

மகள் அழுத கணக்கை இப்போது பார்ப்போம்.

"ஓர் எண்ணை மூன்று மடங்காக்கி, அதோடு 2 கூட்டினால் 14 வரும். அந்த எண் எது?"

புத்தகம் இதை இப்படி எழுதுகிறது: 3 எக்ஸ் + 2 = 14. எக்ஸ் என்றால் இன்னும் தெரியாத எண். அவ்வளவுதான். அது ஒரு மூடிய பை. உள்ளே எவ்வளவு என்பதுதான் கேள்வி.

தாய் ஒரு தராசை நினைத்துப் பார்க்கிறார். இப்போது மின்சாரத் தராசு வந்துவிட்டது. ஆனால் இரண்டு தட்டுத் தராசு யாருக்கும் மறக்கவில்லை.

"ஏம்மா, அழாதே. இப்படி நினைச்சுப் பாரு. இடது தட்டில் மூணு வெங்காயப் பை. மூணும் ஒரே எடை. பக்கத்தில் ஒரு 2 கிலோ கல். வலது தட்டில் 14 கிலோ கல். தராசு நேராக நிற்குது. ஒரு பை எத்தனை கிலோ?"

மகள் யோசிக்கிறாள். "அந்த 2 கிலோ கல்லை எடுத்துடலாம்மா."

"எடுத்தால் தராசு சாயுமே?"

"அந்தப் பக்கமும் 2 கிலோ எடுக்கணும். அப்போ 12 இருக்கும். மூணு பை 12 கிலோ. ஒரு பை 4 கிலோ!"

"சரியா என்று போட்டுப் பாரு."

"மூணு நாலு பன்னிரண்டு. அதோடு ரெண்டு பதினாலு. சரிம்மா!"

தாய் விடையைச் சொல்லவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டார். கணக்கைப் போட்டவள் மகள்.

"அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாக மாறும்" என்று பல பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் மாறுகிறது என்று தெரிவதில்லை. தராசு அதைச் சொல்லிவிடுகிறது. இரண்டு தட்டிலும் ஒரே அளவு எடுக்கிறோம். வேறு மந்திரம் இல்லை.

இரண்டு சிறு கோடு போட்ட சமக்குறியும் தராசு போன்றதுதான். 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் அதைத் தம் நூலில் பயன்படுத்தினார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்று அவர் காரணம் சொன்னார்.

இந்தக் கணிதத்தை அல்ஜிப்ரா என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற அறிஞரின் நூலிலிருந்து வந்த பெயர் அது. அந்த நூலில் என்ன இருந்தது தெரியுமா? சொத்துப் பிரிப்பு, வியாபாரம், நிலம் அளத்தல். எல்லாம் வாழ்க்கைக் கணக்கு. அல்ஜிப்ரா கடைத்தெருவுக்கு அந்நியம் அல்ல.

ஆகவே பிள்ளை கணக்கோடு உட்கார்ந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "எது தெரியும்? எது தெரியாது?" என்று கேளுங்கள். கணக்கைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். தேங்காயாக்குங்கள், பையாக்குங்கள், ரூபாயாக்குங்கள். பிறகு பிள்ளையே அதைத் தாளில் எழுதட்டும். அதை விட்டுவிடக் கூடாது. தேர்வு தாளில்தான் நடக்கிறது.

விடை தவறினால் "மண்டு" என்று திட்டாதீர்கள். "எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். தவறு எந்த வரியில் இருக்கிறது என்று பிள்ளையே காட்டிவிடும். உங்களுக்கும் பிடிபடவில்லையா? வெட்கம் வேண்டாம். கணக்கு நின்ற வரியில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் அந்த வரியைக் காட்டிக் கேட்கட்டும். "ஒன்றும் புரியவில்லை" என்பதைவிட "இந்த வரி புரியவில்லை" என்பது நல்ல கேள்வி.

தாளில் நன்றாகப் போடும் பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். பாலத்தில் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து போடுங்கள். பஜாரில் ஒருவர் ஒரே விலையில் ஐந்து தேங்காய் வாங்கினார். 20 ரூபாய்க்குக் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் வாங்கினார். மொத்தம் 195 ரூபாய் கொடுத்தார். ஒரு தேங்காய் என்ன விலை?

முதலில் மனதில் போடுங்கள். பிறகு பிள்ளையிடம் தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள்.