ரசீது வருகிற மந்திரம்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் வாலிபர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று இங்கு பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஹாம் ரேடியோ என்று சொல்லப்படும் கம்பியில்லாப் பேச்சைப் பற்றியும், அதைப் பழகுகிறவர்கள் கூடி நடத்தும் சங்கங்களைப் பற்றியுமாகும். இவ்வூர் வாலிபர்கள் சிலர் அப்படியொரு சங்கம் திருப்பூரிலும் வேண்டுமென்று ஆசைப்பட்டு, அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். சுயமரியாதைக்காரனுக்கும் ரேடியோப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிரம்பச் சம்பந்தம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் இது இன்னது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் பாட்டுக் கேட்கிற ரேடியோ வேறு, இது வேறு. பாட்டு ரேடியோவில் ஒருவன் பேசுவான், ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏன் என்று திருப்பிக் கேட்க முடியாது. ஏறக்குறைய காலட்சேபத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பதைப் போன்றது. ஹாம் ரேடியோவிலோ கேட்கிறவனே பேசுகிறவனும் ஆவான். செல்போனில்தான் இருவரும் பேசுகிறோமே என்றால், அதற்கு நடுவில் ஒரு கம்பெனியின் கோபுரம் நிற்க வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு பெட்டி, ஒரு பாட்டரி, வேப்பமரத்தில் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, சர்க்கார் லைசென்சு, இவ்வளவுதான். இதில் கூலி வாங்கக்கூடாது, வியாபாரம் செய்யக்கூடாது என்பது சட்டம்.

இங்கிருந்து பேசுகிற பேச்சு கடல் கடந்து எப்படிப் போகிறது? பூமிக்கு மேலே சுமார் 100 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய வெளிச்சத்தால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலங்கள் இருக்கின்றன. சிற்றலை அங்கே போய்த் திரும்பிப் பூமிக்கு வருகிறது. மறுபடியும் மேலே போகிறது, மறுபடியும் வருகிறது. நம் பெரியவர்கள் மேலே ஏழு லோகம் வைத்து, அதில் இந்திரனையும் ரம்பையையும் குடிவைத்தார்கள். ஹாம்காரன் அங்கே போட்ட பந்து திரும்பிக் கைக்கு வருகிறதைப் பார்க்கிறான். யார் போட்டாலும் வருகிறது. பூணூல் போட்டவன் போட்டாலும் வரும், சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன் போட்டாலும் வரும்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. ஒருவன் மற்றொரு தேசத்தானோடு பேசினால், இருவரும் அதைத் தங்கள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். பிறகு தபாலில் ஒரு கார்டு அனுப்புவார்கள். அதற்கு க்யூ.எஸ்.எல். கார்டு என்று பெயர். இன்ன தேதி, இன்ன மணி, இன்ன அலைவரிசையில் உம்முடைய பேச்சு கேட்டது, தெளிவு 5-க்கு இவ்வளவு, பலம் 9-க்கு இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். தெளிவில்லாவிட்டால் தெளிவில்லை என்றே எழுதுவான். அந்தக் கார்டு வந்தால்தான் "நான் அந்தத் தேசத்தோடு பேசினேன்" என்று சொல்லிக்கொள்ள யோக்கியதை உண்டு.

தோழர்களே! இதை நம் ஊர்த் திதியோடு ஒத்துப் பாருங்கள். அமாவாசை தோறும் பவானி கூடுதுறைக்குப் போய் அரிசி, காய்கறி, வேட்டி, தட்சணை எல்லாம் கொடுக்கிறோம். புரோகிதர் மந்திரம் சொல்லி அவ்வளவையும் பிதுர்லோகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லுகிறார். எத்தனை தலைமுறையாக அனுப்புகிறோம்! ஒரு பாட்டனாவது, "அரிசி வந்து சேர்ந்தது, வேட்டி மட்டும் வரவில்லை" என்று ஒரு கார்டு போட்டதுண்டா? பத்து ரூபாய் மணியார்டருக்கு ரசீது கேட்கிறோம். கம்பெனியில் ஒரு டஜன் பனியன் குறைந்தால் கணக்குக் கேட்கிறார்கள். மோட்சத்துக்கு அனுப்பும் சாமானுக்கு மட்டும் ரசீது கேட்டால் நாஸ்திகன் என்கிறார்கள். ரசீது கேட்பதுதான் பகுத்தறிவு. அதற்குமேல் பகுத்தறிவில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை.

இந்த ஹாம்காரர்களின் சரித்திரத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. 1912-இல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்து, நல்ல அலைகளையெல்லாம் கப்பலுக்கும் இராணுவத்துக்கும் வைத்துக்கொண்டு, 200 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட சிற்றலைகளைத்தான் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒதுக்கிற்று. அவை தூரம் போகாது, எதற்கும் உதவாது என்பது அக்காலத்துப் பண்டிதர்களின் தீர்ப்பு. நம் நாட்டில் விளையாத புறம்போக்கை ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களுக்கு விட்டதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கப்பட்டவர்கள் பண்டிதர் சொல்லை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். 1921 டிசம்பரில் அவர்களுடைய சிற்றலை அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கேட்டது. 1923 நவம்பரில் அமெரிக்காவிலிருந்த ஒருவரும் பிரான்சிலிருந்த ஒருவரும் இருபக்கமும் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகளும் சர்க்கார்களும் சிற்றலைக்கு ஓடிவந்தன. பெரியவர்கள் சொன்னதாயிற்றே என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சாமர்த்தியம் என்று எண்ணவேண்டாம். நமது சென்னையிலேயே 1924 மே 16-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒரு சங்கம் ஏற்பட்டு, அவ்வருஷம் ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பித்தது. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1927-இல் வருவதற்கு மூன்று வருஷம் முந்தியே இது நடந்தது. ஆர்வமுள்ள சில மனிதர்கள் கைப்பணம் போட்டு நடத்தியதால் 1927-இல் பணமுடை வந்து நின்றுபோயிற்று. ஆனால் செய்த வேலை வீண் போகவில்லை. அவர்களுடைய கருவியைச் சென்னை நகரசபை பெற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தி வந்தது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது. ஆக, இன்று சென்னை வானொலி என்று சொல்லுவதற்கு வேர், ஒரு சின்ன சங்கத்தில் இருக்கிறது. திருப்பூரில் ஒரு சங்கம் வைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லுகிறவர்களுக்கு இதுவே பதில்.

இனி, ஜாதி விஷயம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப்பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. ஹாம் ரேடியோவில் ஒரு மனிதனுக்கு அடையாளம் சர்க்கார் கொடுத்த எழுத்தும் எண்ணும்தான். இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யு.2, வி.யு.3 என்று ஆரம்பிக்கும். இன்ன தேசம் என்பது அதில் தெரியும், இன்ன தெரு என்பது தெரியாது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதை ஈயத்தாலும் அரக்காலும் அடைக்கச் சொன்ன தர்மசாஸ்திரம் உள்ள நாட்டில், காது உள்ளவன் எவனும் கேட்கலாம், பரீட்சை தேறியவன் எவனும் பேசலாம் என்ற ஏற்பாடு அற்ப காரியமல்ல.

ஆனால் ரேடியோ வந்தவுடனே ஜாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதே ரேடியோவைக் கொண்டு விடியற்காலையில் புராணமும் ஊதுகிறார்கள். கருவிக்குப் புத்தி கிடையாது, கையாளுகிறவனுக்குத்தான் வேண்டும். நம் பனியன் கம்பெனிகளையே பாருங்கள். ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் திருநீறு பூசியா சரிசெய்கிறீர்கள்? ஊசியைப் பார்க்கிறீர்கள், லூப்பரைப் பார்க்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சோதித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கிறீர்கள். அவ்வளவு புத்தியுள்ள அதே மனிதர், ஆயுத பூஜையன்று அதே மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறார். கம்பெனிக்குள் இருந்த புத்தி, வாசலுக்கு வந்ததும் செருப்பைப்போல் எங்கோ கழற்றி விடப்படுகிறது. மெஷினிடம் காட்டுகிற புத்தியை வாழ்க்கையிலும் காட்டுங்கள் என்பதுதான் நமது இயக்கம் கேட்பது.

இந்தச் சங்கத்தால் ஊருக்கு என்ன பலன் என்று கேட்பது நியாயம். 2011 நவம்பரில் பெய்த மழையில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருகி, ஓடைக்கரைக் குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்ததையும், உயிர்ச்சேதம் நேர்ந்ததையும் இவ்வூரார் மறந்திருக்க மாட்டீர்கள். ஓடைக்கரையில் குடியிருக்கிறவர் யார்? ஒன்றரை ஷிப்ட் வேலை செய்து அசந்து தூங்குகிற தொழிலாளிதான். அப்படிப்பட்ட வேளையில் மின்சாரம் போனால் செல்போன் கோபுரமும் எத்தனை நேரம் நிற்கும்? மேட்டில் இருக்கிற ஒருவன் பாட்டரியில் ஓடும் பெட்டியைக் கொண்டு, தண்ணீர் ஏறுகிறது என்று கீழே இருக்கிறவனுக்குச் சொன்னால் அது எத்தனை உயிருக்குச் சமானம்?

இது வெறும் கற்பனையல்ல. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புப் பெயரோடு அந்தமானில் போர்ட்பிளேரிலிருந்து உலகத்து ஹாம்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 26-ந் தேதி பூகம்பமும் சுனாமியும் வந்து, தீவுகளின் தொடர்பு அறுந்தபோது, அதே பெட்டியைக் கொண்டு அவரும் அவருடைய கூட்டத்தாரும் வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னார்கள். பிழைத்தவர்களைப் பற்றி வீட்டார்க்குத் தகவல் போயிற்று. 1999 ஒரிசாப் புயலிலும், 2001 குஜராத் பூகம்பத்திலும் ஹாம்காரர்கள் இவ்வாறே உழைத்தார்கள். பெண்ணுக்குப் பின்புத்தி என்று பழமொழி சொல்லுகிறவர்கள் போர்ட்பிளேரை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே இங்கு ஏற்படும் சங்கத்தில் பெண்கள் பாதிப்பேராவது இருக்கவேண்டும். கைமடிக்கிற பெண்ணும், செக்கிங் பார்க்கிற பெண்ணும் வரவேண்டும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்திருக்கிற தொழிலாளிகளும் வரவேண்டும். வெள்ளம் பாஷை கேட்டு வருவதில்லை.

பணக்காரர் விளையாட்டல்லவா என்று சிலர் பின்வாங்கலாம். புதுப் பெட்டி விலைதான். ஆனால் சங்கத்துக்கு ஒரு பெட்டி இருந்தால் பலர் பழகலாம். மாரியம்மன் பண்டிகைக்குத் தெருத்தெருவாக வசூல் செய்கிற கையால் ஒரு வருஷம் இதற்கு வசூல் செய்யுங்கள். அதிகம் பள்ளிக்கூடம் போகாத நம் கோவை ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்யமுடியும் என்று 1941-லேயே சொன்னார். மெஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்த திருப்பூர்க்காரனுக்கு ஒரு சின்னப் பெட்டியைக் கோத்துப் பழகுவது முடியாத காரியமா? சர்க்கார் பரீட்சைக்குப் பன்னிரண்டு வயது நிரம்பினால் உட்காரலாம். இங்கிலீஷ் பயம் உள்ளவர்களுக்குச் சங்கத்தில் தமிழில் பாடம் சொல்லிக்கொடுங்கள். நம் இயக்கப் பிரசாரத்துக்கு இதை உபயோகிக்கலாமே என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம். அது இதன் வேலையல்ல. சோதித்துப் பார்த்து, ரசீது வந்தபிறகு நம்புகிற பழக்கம் நூறு வாலிபர்களுக்கு வந்தால், அதற்குமேல் நமக்குப் பிரசாரம் எதற்கு?

ஆகவே தோழர்களே, நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கம்பியைக் கட்டுங்கள், கூப்பிட்டுப் பாருங்கள், பதில் வருகிறதா என்று நீங்களே கேளுங்கள்.