கரையில் ஒரு மத்தியானச் சாப்பாடு

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், எழுபதுகளில் விடுதியில் ஒன்றாக இருந்த எட்டுப் பேரின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களுக்கு முன் பேசியவர்கள் கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் வலைப்பந்தாட்ட வெற்றிகளைப் பற்றியும் பேசினார்கள். எங்கள் எட்டுப் பேரிடமும் விழாக்குழு கேட்டது, நாங்கள் ஒன்றாகப் போய்வந்த கப்பல் பயணத்தைப் பற்றிச் சொல்லும்படி. படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் எவ்வளவு முடிந்தது, எந்த மாதம் நல்லது, கடல் ஆட்டுமா என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் தேநீர் வேளையில் ஆறுதலாகச் சொல்கிறோம். மேடையில் நாங்கள் சொல்ல வந்தது ஒரேயொரு விடயம்: கப்பலை விட்டுக் கரைக்கு இறங்கும் நாளில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது. சிரிக்காதீர்கள். அந்தச் சாப்பாட்டு விடயத்தில்தான் எங்களில் ஒருத்தியை இழக்கப் பார்த்தோம்.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு பேர், லண்டனிலிருந்து இரண்டு பேர், மெல்பேணிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் ஒவ்வொருவர், இங்கிருந்து இரண்டு பேர். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். சிட்னியில் கூடிக் கப்பலேறி, தஸ்மான் கடலைக் கடந்து நியூசிலாந்துக்குப் போனோம்.

எட்டுப் பேருக்கும் எட்டு வயிறு. இரண்டு பேர் சுத்த சைவம். அதில் ஒருத்தி முட்டையும் தொடமாட்டாள். ஒருத்தி ஹலால் பார்க்கிறவள். ஒருத்திக்குக் கச்சான் ஒவ்வாது. ஒரு பருப்பு வாயில் பட்டாலே முகம் வீங்கிவிடும். இன்னொருத்திக்குச் சலரோகம், காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறவள். முதல் நாள் இரவே கப்பலின் சாப்பாட்டு மண்டபப் பொறுப்பாளர் எங்கள் மேசைக்கு வந்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவரவருக்கு வேண்டியது நேரத்துக்கு வந்தது. கப்பல் முழுவதற்கும் எங்கள் கதை தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அதுதான் முதல் பிழை. துறைமுகத்தில் இறங்கிப் பஸ் ஏறிப் போகும் சுற்றுலாவை நடத்துபவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள். மத்தியானம் சமைப்பதும் அங்குள்ள வேறொரு அடுப்பில். சாப்பாட்டு மண்டபத்தில் நாங்கள் சொன்னது சாப்பாட்டு மண்டபத்தோடு நின்றுவிட்டது. சுற்றுலாவுக்குப் பதியும்போதே அதற்கான மேசையில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை.

அடுத்தது, கப்பலிலிருந்து என்ன கொண்டு இறங்கலாம் என்ற விதி. முதற் துறைமுகத்துக்கு முந்திய இரவு எங்கள் அறைக் கதவில் ஒரு கடிதம் செருகியிருந்தது. பழம், காய்கறி, இறைச்சி, பாற்பொருள், தேன், விதை, பூ, செடி எதையும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. மறைத்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம். மோப்ப நாய் நிற்கும். காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து பாணையோ சான்ட்விச்சையோ கடதாசியில் சுற்றிக்கொண்டு போகவும் வேண்டாம். கடிதத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. நாங்கள் 400 டொலர் என்ற இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டோம்.

விதிக்குக் காரணம் இருக்கிறது. அதைத் தௌரங்கா துறைமுகத்திலிருந்து போகும் வழியில் பஸ் சாரதி சொல்லித்தான் அறிந்தோம். அந்தப் பகுதி கிவிப் பழத்துக்குப் பேர்போனது. பாதையின் இரு பக்கமும் காற்றைத் தடுக்க வளர்த்த உயரமான பச்சை வேலிகள். அவற்றுக்கு உள்ளே பந்தல் பந்தலாகக் கொடிகள். 2010ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு தோட்டத்தில் பீஎஸ்ஏ என்ற பக்டீரியா நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவி, எத்தனையோ குடும்பங்கள் தாங்கள் வளர்த்த கொடிகளைத் தாங்களே வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. 2015இல் ஓக்லண்ட் நகரில் பழ ஈக்கள் சில பொறியில் அகப்பட்டன. அந்தச் சுற்றாடலில் இருந்தவர்கள் தங்கள் வளவுப் பழத்தைக்கூட வெளியே கொண்டுபோக முடியாதபடி மாதக்கணக்கில் தடை இருந்தது. ஒரு ஈயால் வந்த வினை. தோட்டக்காரர்களின் பிள்ளைகளான எங்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. வெங்காயத்துக்கு நோய் வந்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பார்த்து வளர்ந்தவர்கள்.

பாண் சுற்றிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. இறைச்சியும் முட்டையும் வைத்த சான்ட்விச் பஸ்ஸின் வெயிலில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால், அது சாப்பிடக்கூடிய பொருள் அல்ல. நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகச் சாப்பிடும் கப்பலில் ஒருவருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் ஊரெல்லாம் பரவும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள் என்று ஒவ்வொரு வேளையும் சொல்லுகிறார்களே, அதற்கும் இதுதான் காரணம். நோரோவைரஸ் என்ற கிருமி கையில் பூசும் மருந்துக்கு இலேசில் சாகாது.

இந்தக் காரணங்களெல்லாம் தெரியாமல்தான் அன்று காலை படியில் இறங்கினோம். எங்களுக்குத் தெரிந்தது பயம் மட்டும். சலரோகக்காரி தன் பைக்குள் ஒரு பிஸ்கற் பெட்டியும் ஒரு சிறு பழச்சாறுப் பெட்டியும் வைத்திருந்தாள். இரண்டும் கடையில் வாங்கியவை, உடைக்காதவை.

"உதென்னடி பையுக்குள்ளை? எடுத்து எறியடி. நானூறு டொலர் ஆர் கட்டுறது?"

சொன்னது யார் என்று கேட்காதீர்கள். ஒருத்தி சொன்னாள், மற்ற ஆறு பேரும் ஆமாம் போட்டோம். அவள் ஒரு கதையும் பேசாமல் இரண்டையும் வாசலில் இருந்த தொட்டிக்குள் போட்டாள். மேற்றன் கேட்டதும் வீட்டிலிருந்து வந்த பார்சலை நீட்டிய அந்தப் பிள்ளையைப் போல.

தங்கைமாருக்கு இது விளங்காது. எங்கள் காலத்தில் வீட்டிலிருந்து வரும் பார்சல் நேரே மேற்றனிடம் போகும். அவர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடான ஆண்டுகள் அவை. பாணுக்கு விடியமுன் வரிசை. ஒருவருக்கு இருப்பது மற்றவருக்கு இல்லாத நேரத்தில் அந்த விதி நியாயமானது என்று இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. விளங்கப்படுத்தும்படி நாங்கள் கேட்கவுமில்லை. அந்த நாட்களில் மேற்றன் கண்ணில் படாமல் பாவாடை மடிப்புக்குள் எள்ளுருண்டை கொண்டுவந்து எட்டுப் பேருக்கும் பங்கு வைத்தவள் வேறு யாருமல்ல, இவள்தான். ஐம்பது வருடத்துக்குப் பிறகு அவளுடைய பிஸ்கற்றை எறியச் சொன்னவர்கள் நாங்கள்.

பஸ் ரொடொருவாவுக்குப் போகிறது. நிலத்திலிருந்து ஆவி பறக்கிற, கந்தகம் மணக்கிற ஊர். அங்கே ஒரு மாவோரிக் கிராமத்தில் எங்களுக்குப் பகல் விருந்து. அதற்குப் பெயர் ஹாங்கி. வேறிடங்களில் குழி வெட்டி, கற்களைச் சிவக்கச் சூடாக்கி, சாப்பாட்டுக் கூடைகளை இறக்கி, ஈரத்துணியால் மூடி, மேலே மண் போட்டு மூன்று நாலு மணித்தியாலம் விடுவார்கள். ரொடொருவாவில் நிலத்தின் ஆவியே அடுப்பு. இறைச்சி, கோழி, உருளைக்கிழங்கு, பூசணி, கோவா, இவற்றோடு குமரா. குமரா என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் வற்றாளங்கிழங்குதான்.

அவர்களுக்கும் சாப்பாட்டு ஒழுக்கம் உண்டு. சாப்பாடு வைக்கும் மேசையில் ஒருவரும் ஏறி இருக்கக் கூடாது. தலை புனிதமானது, ஒருவர் தலைக்கு மேலால் சாப்பாட்டைக் கொடுக்கக் கூடாது. சமையலறைத் துணியையும் உடுப்பையும் ஒன்றாகத் தோய்க்கமாட்டார்கள். சாப்பிடமுன் பிரார்த்தனை. கேட்கக் கேட்க எங்கள் அம்மம்மாமாரின் குரல் மாதிரி இருந்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று துண்டில் எழுதியிருந்தது. எங்களுக்கு முன் வந்தவர்கள் பிந்தியதால் ஒன்றரை தாண்டியும் பந்தி தொடங்கவில்லை. சலரோகக்காரி காலையில் இன்சுலினைப் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அரைவயிறு சாப்பிட்டவள். வெந்நீர் ஊற்றைப் பார்க்க நடந்ததும் கூட. எல்லோரும் பிரார்த்தனைக்கு எழும்பி நின்றபோது அவள் இருந்தபடியே இருந்தாள். கேட்டால் எரிந்து விழுந்தாள். முகமெல்லாம் வேர்வை, கை நடுக்கம். பிறகு எங்களில் ஒருத்தியைத் தன் செத்துப்போன தமக்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஒஸ்லோவில் தாதியாக இருந்தவள்தான் உடனே கண்டுபிடித்தாள்: "சீனி இறங்கிப்போச்சு. இனிப்பு எடுங்கோ, கெதியா!"

எட்டுப் பையையும் கவிழ்த்தோம். ஒரு ரொபிகூட இல்லை. விதியை அவ்வளவு திறமாகக் கடைப்பிடித்திருந்தோம்.

பரிமாற நின்ற ஒரு மாவோரிப் பெண் எங்களைப் பார்த்தார். எங்கள் வயதுதான் இருக்கும். பிரார்த்தனை முடியவில்லை, அவர் முடியும்வரை நிற்கவுமில்லை. ஒரு கிளாஸ் இனிப்பு லெமனேட்டோடு வந்து, அவளுடைய நாடியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். பதினைந்து நிமிடத்தில் அவளுக்குப் பேச்சுத் தெளிந்தது. பிறகு அந்த அம்மாவே ஒரு கோப்பையில் வற்றாளங்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தார். தங்கள் ஒழுக்கத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தவர், எந்த இடத்தில் அது ஒரு மனுசிக்காக ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

மற்றவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறோம். மரக்கறியும் இறைச்சியும் ஒரே கூடையில் அவிந்தவை என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. சைவக்காரிகள் இருவரும் ஹலால்காரியும் பாணும் பழமும் சாப்பிட்டார்கள். முதலே சொல்லியிருந்தால் தனியாக வைத்திருப்போமே என்று சமையற்காரர்கள் கவலைப்பட்டார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

பின்னேரம் துறைமுகத்தில் நின்ற அதிகாரியிடம் போய்க் கேட்டோம். கடையில் வாங்கிய, உடைக்காத பிஸ்கற்றையும் இனிப்பையும் பொதுவாக விடுவோம், ஆனால் எங்களிடம் காட்ட வேண்டும் என்றார். காட்டினால் தண்டம் இல்லை. கூடாத பொருளாக இருந்தால் எடுத்துவிடுவோம், அவ்வளவுதான் என்றார். அறைக்குத் திரும்பிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். நாங்கள் வாசிக்காமல் விட்ட வரிகளில் அதுதான் எழுதியிருந்தது.

ஆகவே கப்பலேறப்போகும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் நாங்கள் சொல்வது இவ்வளவுதான். முதலாவது, உங்கள் சாப்பாட்டுத் தேவையைச் சுற்றுலா மேசையில் தனியாகச் சொல்லுங்கள்; முதல் நாள் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்; இறங்கிய பின் வழிகாட்டியிடமும் சொல்லுங்கள். இரண்டாவது, "சாப்பாடு உட்பட" என்று இருந்தால் அது முழுச் சாப்பாடா, தேநீரும் கேக்குமா, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மூன்றாவது, துறைமுகத்துக்குத் துறைமுகம் விதி வேறு. கடிதத்தைக் கடைசி வரி வரை வாசியுங்கள். பழத்தை விட்டுவிடுங்கள். சந்தேகமானதை மறைக்காமல் காட்டுங்கள். நாலாவது, சலரோகக்காரர் மருந்தையும், உடைக்காத இனிப்பையும் பிஸ்கற்றையும் கையில் வைத்திருங்கள். சீனி இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனி அல்லது அரைக் கிளாஸ் பழச்சாறு, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள். சொக்லேட்டை நம்பாதீர்கள், அது மெதுவாகத்தான் ஏறும். ஐந்தாவது, கூடப் போகிறவர்களுக்கு உங்கள் வருத்தத்தைச் சொல்லி வையுங்கள். இன்சுலின் போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பது எங்களில் ஆறு பேருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்தக் கல்லூரி எங்களுக்குக் கீழ்ப்படியப் பழக்கியது. அதற்கு நன்றி உடையவர்களாக இருக்கிறோம். ஏன் என்று கேட்கப் பழக எங்களுக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. இப்போது படிக்கிற பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இன்று பகல் சாப்பாட்டுப் பொறுப்பு எங்கள் எட்டுப் பேருடையது. மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். சைவமோ, ஹலாலோ, கச்சான் கூடாதோ, நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவரோ, வெட்கப்படாமல் எழுதுங்கள். பேச்சுகள் நீண்டாலும் உங்களுக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வரும். கொப்பிக்குப் பக்கத்தில் இருந்து பெயர் எழுதுகிறவள் அவள்தான். மேசையில் பிஸ்கற் பெட்டி ஒன்றும் இருக்கும். அதை ஒருவரும் எடுத்து எறிய வேண்டாம்.