மாம்பலம் இன்ஸ்பெக்டருக்கு அஞ்சலி

(காவலர் வீரவணக்க நாளன்று கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



1959 அக்டோபர் 21-ல் லடாக் எல்லையில் சீனப் படை தாக்கி 10 காவலர்கள் இறந்தார்கள். அந்த நாளில்தான் வருடா வருடம் சென்னை மயிலாப்பூர் டி.ஜி.பி. அலுவலகத்தில் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள்.

பணியில் இறந்தார்னு சொன்னா நமக்குத் துப்பாக்கிச் சண்டைதான் ஞாபகம் வருது. சினிமா அப்படிப் பழக்கிடுச்சு. தி.நகர் பக்கம் மாம்பலம் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் பாலமுரளி குண்டு பட்டு இறக்கவில்லை. கொரோனா தொற்றி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் 2020 ஜூன் 17-ல் இறந்தார். வயது 47. சென்னை போலீசில் அந்த நோய்க்கு முதல் பலி அவர். இரண்டே நாளில், ஜூன் 19-ல், சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. போலீஸ்காரர்கள் மறுபடி தெருவில்தான் நின்றார்கள்.

அப்போ நம்ம குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்தது ஞாபகம் இருக்கா? தடுப்பூசி வந்ததே 2021 ஜனவரியில்தான். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் அந்தத் துண்டுத் துணிதான் காப்பு. நாம வீட்டுக்குள்ளே இருந்தோம். அவர்களுக்கு அந்த வழியில்லை.

ஸ்டேஷன் வாசலில் மணிக்கணக்கா காத்துக் கிடந்த அக்காமார்களும் இங்கே உண்டு. அந்தக் கோபம் நியாயம்தான். அதுக்காக இந்தச் சாவைச் சின்னதா நினைக்க முடியுமா?

எல்லாரும் எழுந்து 2 நிமிஷம் மௌனமா நிற்கலாம், வாங்க.