கீழே விழுந்த வன்தட்டு

கணினியின் வன்தட்டு கைநழுவி வீழ்ந்தால், உடனே மின்னிணைப்புக் கொடுத்துப் பார்க்கவே எவரும் விழைவர். கேடு அங்கேதான் தொடங்குகின்றது. நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் தட்டின்மேல், மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில், பதிவை வாசிக்கும் முனை மிதக்கின்றது. வீழ்ச்சியில் வளைந்த முனை தட்டை உராய்ந்தால் காந்தப் படலம் சுரண்டப்படும். அப்பகுதியின் பதிவை எவராலும் மீட்க இயலாது. மறைந்த தந்தையாரின் ஒரேயொரு நிழற்படம் அங்கேதான் இருந்ததோ, என்னவோ! 'டிக், டிக்' என்னும் ஓசை கேட்டால் அக்கணமே மின்னைத் துண்டியுங்கள். மூடியைத் திறவாதீர்கள். குளிர்ப்பெட்டியில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம் (யார் கண்டுபிடித்தாரோ அதனை!), உள்ளே நீர் படியும். தூசியற்ற அறையுடைய மீட்பு நிலையத்தில் அப்படியே ஒப்படையுங்கள். கட்டணம் வன்தட்டின் விலையினும் பன்மடங்காகலாம். ஆதலின், உள்ளிருப்பவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதது எதுவென முதலில் எண்ணிப் பாருங்கள்.