கடல் கடந்து ஒரு வீடு

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் வெளிநாடு சென்று, அங்கே ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து, அவ்வூர்ப் பள்ளியில் ஓராண்டு படித்துத் திரும்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. மாணவர் பரிமாற்றம் என்பர். இது பட்டணத்துச் செல்வந்தர் வீட்டுச் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இது செல்வத்தில் பிறந்ததன்று, யுத்தகளத்தில் பிறந்தது.

1915-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் போர்முனையில் காயமுற்ற வீரர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்க வாலிபர்கள் தொண்டர்களாக ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார்கள். அவர்களது ஸ்தாபனமே 'அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்'. இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவிலும், இத்தாலியிலும், நம் நாட்டின் பர்மா எல்லையிலும் இத்தொண்டு தொடர்ந்தது. யுத்தம் ஓய்ந்தபின், 1946-இல் அவர்கள் கூடி ஆலோசித்தார்கள். காயத்திற்குக் கட்டுப் போடுவதைவிடக் காயமே நேராமல் காப்பது மேலன்றோ? பல நாட்டுப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் மற்றவர் வாழ்ந்து பழகினால் பகைமை வேரூன்றாது என்று நம்பினார்கள். 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவ்வேற்பாட்டின் உயிர்நாடி பிரயாணம் அன்று, பள்ளிக்கூடமும் அன்று, வீடுதான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முதுமொழி. ஓராண்டு தங்க வருபவரை விருந்தினராக நடத்த இயலாது. வீட்டுப் பிள்ளையாகவே நடத்த வேண்டும். ஆகவே வந்த பிள்ளை பாத்திரம் துலக்கும். தன் துணியைத் தானே துவைக்கும். இரவில் இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்னும் கட்டளைக்கும் உட்படும். முதல் சில மாதங்கள் உணவு பிடிக்காது, பேச்சு புரியாது, குளிரில் உடல் நடுங்கும், தாயை நினைத்துக் கண் கலங்கும். அவ்வேளையில் தேற்றுவது அந்த வீட்டுத் தாயேயன்றி வேறு எவரும் அல்லர். அமெரிக்காவில் இத்தகைய குடும்பங்களுக்கு இதற்காக ஊதியம் தருவதில்லை என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

பள்ளிப் படிப்போடு பொதுத்தொண்டும் சேர்கிறது. முதியோர் இல்லம், நூலகம், ஏழைகளுக்கு உணவு வழங்கும் இடம் ஆகியவற்றில் மாணவர்கள் உழைக்கிறார்கள். நாம் சிரமதானம் என்பதும் இதுவே. இத்தகைய அனுபவம் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். சார்ஜன்ட் ஷிரைவர் என்பார் 1934-இல், தமது 18-ஆவது வயதில், வேறொரு ஸ்தாபனத்தின் வழியே ஜெர்மனிக்குச் சென்று ஒரு குடும்பத்தோடு தங்கினார். 1961-இல் அமெரிக்க அமைதிப் படை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. அப்படையின் தொண்டர்கள் 1976 வரை இந்தியாவிலும் பணியாற்றினார்கள். பலர் கிராமங்களில் வேளாண்மையிலும் கோழி வளர்ப்பிலும் துணைநின்றனர்.

"வயது வந்த பெண்ணை அந்நியர் வீட்டில் விடலாமா?" என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம்பிக்கை மட்டும் இதற்குப் போதாது, விதியும் வேண்டும். அமெரிக்க அரசின் விதிப்படி, பிள்ளையை ஏற்கும் வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மீதும் குற்ற வழக்கு உண்டா என்று விசாரிக்க வேண்டும். உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் மாதந்தோறும் பிள்ளையோடு தொடர்பு கொண்டு நலம் விசாரிக்க வேண்டும். இவற்றை எழுத்தில் காட்ட இயலாத இடைத்தரகரிடம் பணத்தையோ பிள்ளையையோ ஒப்படைக்கலாகாது. ஏழைப் பிள்ளைகளும் மனம் தளர வேண்டியதில்லை. அமெரிக்க அரசு 2002-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் ஒன்றின் வழியே இந்திய மாணவர்களும் செலவின்றிச் சென்று படித்திருக்கிறார்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் இரண்டு கடமைகள் உண்டு. அழைப்பு வரும்போது அதைத் தீர விசாரித்துப் பெற்றோருக்கு உண்மையை எடுத்துரைப்பது ஒன்று. திரும்பி வந்த பிள்ளையைக் கிராம சபையில் பேசச் செய்து, கற்றதை ஊர்ப்பணிக்குப் பயன்படுத்துவது மற்றொன்று. அன்னிய நாட்டுத் தாய் ஒருத்தி நம் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்பாள் எனில், அடுத்த தெருப் பிள்ளையையும் நம் பிள்ளையாக ஏற்கும் மனம் நமக்கு வர வேண்டாமா? கிராம முன்னேற்றம் அங்கேதான் தொடங்குகிறது.