சனிக்கு இரண்டு தேதியா?

(திருப்பூரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நம் நாட்டு வானசாஸ்திர நிலையங்களின் சரித்திரத்தைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். இது படித்தவர்கள் சங்கதி, பண்ணையம் பார்க்கிற நமக்கு இதனால் ஆகப்போவதென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆகையால் உங்களுக்கு நன்றாய்த் தெரிந்த இடத்திலிருந்தே துவங்குகிறேன்.

2023-ஆம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி சனி கும்பராசிக்குப் போய்விட்டான் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் சொல்லிற்று. இல்லை, டிசம்பர் 20-ந் தேதிதான் போகிறான் என்று வாக்கியப் பஞ்சாங்கம் சொல்லிற்று. திருநள்ளாற்றில் டிசம்பரில்தான் பெயர்ச்சி விழா நடந்தது. ஆகாயத்தில் இருக்கிற சனி ஒருவன்தான்; அவன் வீடு மாறிய தேதி மாத்திரம் இரண்டு. இடையிலே பதினோரு மாதம்! இந்தப் பதினோரு மாதத்தில் “சனி விலகட்டும்” என்று எத்தனை பெண்களின் கலியாணம் தள்ளிப் போயிருக்கும்? எத்தனை காட்டில் கிணற்று வேலை நின்றிருக்கும்? கொங்கு நாட்டில் அருமைக்காரரை வைத்தே கலியாணத்தை முடித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு. அப்படியிருந்தும் நாள் குறிப்பதற்கு மாத்திரம் பஞ்சாங்கக்காரர் வாசற்படியில்தானே நிற்கிறோம்? ஜனவரியில் ஒரு தரம், டிசம்பரில் ஒரு தரம் என்று இரண்டு பரிகாரம் நடந்தால், இரண்டுக்கும் தட்சிணை வாங்குகிறவருக்கு மாத்திரம் இதில் ஒரு குழப்பமும் இராது.

இரண்டு தேதி எப்படி வந்தது? சந்திரன் நாளுக்கு நாள் எங்கே இருப்பான் என்பதை 248 சிறு வாக்கியங்களில், எழுத்துக்கு எண் வைத்துக் கட்டி மனப்பாடம் செய்துகொண்டு, அதைக்கொண்டு கணக்குப் போட்டார்கள் பழங்காலத்தார். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதனால் வந்தது. அதைக் கட்டினவன் முட்டாளல்ல. ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தவன், மகா புத்திசாலி. ஆனால் பின்னால் வந்தவர்கள் வாக்கியத்தைப் பார்த்தார்களேயொழிய வானத்தைப் பார்க்கவில்லை. 1825-ஆம் வருஷம் புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி மனப்பாடத்தாலேயே ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினதை ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். கிரகணம் பிடித்த நேரத்தில் பிசகு சுமார் 4 நிமிஷந்தான்! விட்ட நேரத்திலோ ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகிற்று. சோழிக்கு இது பெரிய காரியம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிசகின நிமிஷங்களைக் கண்டு கணக்கைத் திருத்தும் பழக்கம் இல்லாததுதான் கேடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகு வளர்ந்து, இன்று சனி விஷயத்தில் பதினோரு மாதமாக நிற்கிறது.

வடக்கே இந்தப் பிசகைக் கண்டு சகிக்காமல் ஒரு ராஜா கிளம்பினார். ஜெய்ப்பூர் சவாய் ஜெயசிங். பழைய வாய்பாடுகள் வானத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்டு, 1724 முதல் டில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுரா, காசி ஆகிய ஐந்து ஊர்களில் கல்லாலும் சுண்ணாம்பாலும் பிரமாண்டமான கருவிகளைக் கட்டினார். ஜெய்ப்பூரில் உள்ள நிழற்கடிகாரம் 27 மீட்டர் உயரம். இரண்டு விநாடி வரை நேரம் காட்டும். ஆனால் 1743-இல் ராஜா செத்தார், பார்க்கிற வேலையும் அதோடு படுத்துவிட்டது. ஒருவர் ஆசையில் நின்ற காரியம் வேறெப்படி முடியும்?

நம் சென்னைச் சங்கதி வேறு. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு நிலையம் வைத்தார். பிறகு கம்பெனியே அதை எடுத்துக்கொண்டு 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டிற்று. நம்மேல் உள்ள அன்பினாலல்ல. கப்பல் ஓட்டவும், பிடித்த பூமியை அளந்து வரி போடவும் நட்சத்திரக் கணக்கு அவசியமாயிருந்தது. பத்து டன் கருங்கல் தூணை நட்டு, அதில் தங்கள் தருமத்தைத் தமிழிலும் தெலுங்கிலுங்கூட வெட்டி வைத்தார்கள். தூண் இன்னும் இருக்கிறது.

நோக்கம் எதுவானாலும் வேலை உண்மையான வேலை. 1844-இல் டெய்லர் என்பவர் சுமார் 11,000 நட்சத்திரங்களின் இருப்பிடத்தை அளந்து அட்டவணை வெளியிட்டார். 1802-இல் துவங்கின பெரிய நில அளவையில், லாம்ப்டன் ஆட்கள் நம் கோவை ஜில்லாப் பச்சாபாளையத்தில் கருவியை நாட்டி, உச்சிக்கு வரும் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார்கள். போத்தனூர் ஸ்டேஷன் கடிகாரம் ஒரு காலத்தில் ஓடினது சென்னை நேரத்தில். அந்த நேரம் நுங்கம்பாக்கத்து வானத்தில் நட்சத்திரம் கடக்கிறதைப் பார்த்து எடுத்தது. 1906-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தபோது நம் முள் ஒன்பது நிமிஷம் முன்னே தள்ளப்பட்டது. ரயில் வண்டி ராகுகாலம் பார்த்துப் புறப்படவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

இந்த நிலையத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒரு தமிழர் முதல் உதவியாளராயிருந்தார். பிறப்பால் பார்ப்பனர்தான். ஆனால் பாட்டன் சொன்ன கணக்கைவிடத் தன் கண் கண்டதைப் பெரிதாக எண்ணினவர். 1867-இல் தெற்கு வானத்தில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கம் அவரை அங்கத்தினராக்கிற்று. 1874 டிசம்பர் 9-இல் சுக்கிரன் சூரியனைக் கடக்கும்போது என்ன நடக்கிறதென்று தமிழிலும் மற்ற நாட்டு மொழிகளிலும் பொதுஜனங்களுக்குப் புத்தகம் போட்டார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்த்த கணக்குக்கு ஒத்துத் திருத்துங்கள் என்று கேட்டு, அப்படி ஒரு பஞ்சாங்கமும் வெளியிட்டார். 1880-இல் காலமானார். சாகும்வரை உதவியாளர்தான்; தலைமை உத்தியோகம் வெள்ளைக்காரருக்கென்றே இருந்தது.

வெள்ளைக்காரரும் தம் பெண்களுக்குச் செய்தது இதுதான். நிலையத் தலைவர் போக்சனின் மகள் ஐசிஸ் அங்கே வருஷக்கணக்காய் வேலை பார்த்தவர். 1886-இல் அவர் பெயரைச் சங்கத்துக்குச் சொன்னபோது, விதியில் ஆண்பாலில் எழுதியிருக்கிறது என்று தடுத்துவிட்டார்கள். 1920-இல்தான் சேர்த்தார்கள்!

சரி, ரகுநாதாச்சாரி சொன்னபடி திருத்திவிட்டால் ஜோசியம் நிஜமாகிவிடுமா என்று கேட்பீர்கள். திருக்கணிதம் சனி இருக்கிற இடத்தைச் சரியாய்ச் சொல்லுகிறது, வாஸ்தவம். அவன் அங்கே இருந்துகொண்டு உங்கள் பெண்ணுக்கு என்ன செய்கிறான் என்பதை எந்தத் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் இதுவரை காட்டவில்லை. காட்டினது வளையந்தான்.

கடைசியாகக் கொடைக்கானல். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) கோவை, சேலம் ஜில்லாக்களில் ஜனங்கள் கொத்துக்கொத்தாய் மடிந்தார்கள். சூரியனை ஆராய்ந்தால் மழை பொய்ப்பதை முன்கூட்டி அறியலாமோ என்ற எண்ணத்தில், பழனிமலைமேல் நிலையம் வைக்க முடிவு செய்து, 1899-இல் வேலையை அங்கே மாற்றினார்கள். 1909-இல் எவர்ஷெட் என்பவர் அங்கிருந்து, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளியே பாய்வதைக் கண்டார். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு பலிக்கவில்லை. பலித்ததென்று அவர்கள் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பஞ்சாங்கமோ இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று முதல் பக்கங்களிலேயே அச்சுப் போட்டுவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அளந்த மழைக் கணக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.